கதவுக்குள் தண்ணீர்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில், இரும்பாலான எதையும் வைத்திருப்பவர் நிம்மதியாக இருப்பதில்லை. ஜூன் மாதக் காற்று ரயில் தண்டவாளத்தைத் தாண்டி வந்து ஜன்னல் கம்பிகளிலும் கேற்றின் பிணைச்சல்களிலும் உப்பைப் பூசிவிட்டுப் போகும். பூசியதைக் கழுவ வேண்டும். கழுவியதைக் காயவைக்க வேண்டும். காய்ந்ததும் காற்று மறுபடி வரும். காற்றோடான இந்த வழக்கை அந்த ஒழுங்கையில் ஹுசைன் அளவுக்கு விடாமல் நடத்தியவர் வேறு யாருமில்லை. நான்கு மாடிக் கட்டடமொன்றின் கீழ்த்தளத்தில், தகரக் கூரைக்குக் கீழே, அவரிடம் 1958ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் ஒன்று நின்றது. சாம்பல் கலந்த பச்சை நிறம். நான்கு கதவுகள். முன்பக்கத்து வெள்ளிப் பட்டைகள் இன்னும் முகம் பார்க்கக்கூடியவையாக இருந்தன.

அந்தக் குடும்பத்தில் பிறக்கும் பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காரில்தான் வீட்டுக்கு வருவார்கள். இதை எவரும் விதியாக்கியதில்லை. கொட்டாஞ்சேனையில் தேங்காயெண்ணெய் வியாபாரம் செய்த ஒருவர், 1963இல் தம்முடைய முதல் மகளை அதன் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த மகள்தான் ஹுசைனின் மனைவி நஸீறா. பிறகு நஸீறாவின் தம்பிமார், தம்பிமாரின் பிள்ளைகள், நஸீறாவின் ஒரே மகள் அம்னா என்று அவரோடு சேர்த்துப் பதினொரு பேர் அப்படியே வந்துசேர்ந்தார்கள். பிள்ளை வரும் நாளன்று காலையில் காரைக் கழுவி, ஒரு சொட்டு ஈரமில்லாமல் காயவைத்து எடுக்க வேண்டும் என்பதும் அந்த வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டாவது பிள்ளை, அம்னாவின் மகள், மூன்று நாள் வயதோடு களுபோவில ஆஸ்பத்திரியில் காத்திருந்தாள். பதினொரு மணிக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள் என்று தாதி சொல்லியிருந்தார்.

இடைஞ்சல் என்னவென்றால், நான்கு நாளைக்கு முன்புதான் ஹுசைனின் வலக்கண்ணில் வெள்ளை, அதாவது கண்புரை, எடுத்திருந்தார்கள். குனியக் கூடாது, தண்ணீர் தெறிக்கக் கூடாது, வாகனம் ஓட்டக் கூடாது. எனவே அவர் கறுப்புக் கண்ணாடியோடு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறு வருடமாக வேறெவரும் கழுவாத காரை நஸீறா கழுவி முடித்திருந்தார். மணி எட்டேகால்.

"கையில என்ன அது, துவாயா?" ஹுசைன் கேட்டார். வலக்கண் கட்டுக்குள் இருந்தது, புரை எடுக்காத இடக்கண்ணுக்கு எல்லாம் புகைபோலத்தான் தெரிந்தது. வெள்ளை நிறம் மட்டும் பிடிபட்டது.

"துவாய்தான். நேத்துக் கழுவின."

"எங்க காய வெச்ச?"

"மேல மொட்டைமாடில. வேற எங்க?"

"கார்ல வெக்காத நஸீறா. கைய எடு."

நஸீறா துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"ரா முழுக்கக் கடக்காத்து பட்ட துவாய் அது," என்றார் ஹுசைன். "உப்பு ஈக்கு, ரெயில் ரோட்டுத் தூசி ஈக்கு. அதால தொடச்சா சேண்ட் பேப்பர் போட்ட மாதிரி."

"இத்தன காலமும் இதாலதான் ஒங்கட மூஞ்சியத் தொடச்சீங்க."

"என்ட மூஞ்சில ஒரிஜினல் பெயின்டா ஈக்கி?"

நஸீறா சிரித்துவிட்டார். "செரி. வேற எதால தொடைக்க?"

"குசினிக் கொடில மூணு துணி ஈக்கு, பழைய பெனியன் துணி. உள்ளுக்கே காயவெச்ச. லெதர் துணி பக்கெட்ல ஈக்கு. மொதல்ல லெதர்."

அந்தத் தோல் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துதான் பாவிக்க வேண்டும் என்பது நஸீறாவுக்கு வியப்பாக இருந்தது. ஈரத்தை எடுக்க ஈரமா? ஹுசைன் விளக்கினார்: காய்ந்த தோல் விறைத்துக் கீறும், பிழிந்த தோல்தான் நீரைக் குடிக்கும். கூரையிலிருந்து தொடங்க வேண்டும். துணியை விரித்துப் படுக்க வைத்து, தன்பக்கமாக மெல்ல இழுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கூரைக்குப் பிறகு கண்ணாடிகள், பிறகு முன்மூடி, பிறகு கதவுகள். சக்கரத்தையும் கீழ்விளிம்பையும் தொட்ட துணி மேலே திரும்பி வரவே கூடாது. வெயிலில் தள்ளிக் காயவிடலாமா என்று கேட்டதற்கு அவர் கதிரையிலிருந்து பாதி எழுந்தே விட்டார். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு தண்ணீரிலிருந்த சுண்ணாம்பை வட்ட வட்டமாக விட்டுப்போகுமாம்.

நஸீறா இழுத்தார். துணி கடந்துபோன இடத்தில் பச்சை நிறம் ஆழ்ந்து எழுந்தது. நீர்த்துளிகள் கூட்டமாக ஓடிவந்து தோலுக்குள் மறைவதைப் பார்க்க அவருக்குப் பிடித்திருந்தது. இரண்டு இழுவைக்கு ஒருமுறை பிழிந்தார். மாவைப் பிழிந்து பழகிய கை. தோல் துணியிலிருந்து கடைசிச் சொட்டு வரை இறங்கியது.

"பிழியிற சத்தம் நல்லா ஈக்கு," என்றார் ஹுசைன். "எனக்கு இப்பிடி வராது."

"இடியப்ப ஒரல் பிழிஞ்சா வரும். நாளைக்கு வாங்க குசினிக்கு."

அப்போது பக்கத்து வீட்டுக் கிருபாகரன் வெளியே வந்தார். காலி வீதியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவர். பத்தரைக்குத்தான் கடை திறப்பார். கையில் ஒரு சின்ன மூடுபாத்திரம்.

"நஸீறா அக்கா, மேனகா பால்சுறா வறை செய்தவ. அம்னாவுக்குத் தந்துவிடச் சொன்னவ. உள்ள வைக்கட்டோ?"

"வைங்க தம்பி. இதுக்குள்ள அவக்கு என்னத்துக்குக் கரைச்சல்?"

"பிள்ளை பெத்தவளுக்கு எங்கட ஆக்கள் குடுக்கிறது." பாத்திரத்தை வாசலுக்குள் வைத்துவிட்டுக் காரைச் சுற்றி வந்தார். "வெள்ளிப் பட்டைக்குக் கீழயெல்லாம் தண்ணி நிக்குது. துணி போகாது. என்னட்ட கொம்பியூட்டருக்குத் தூசி ஊதுற மெசின் கிடக்கு, கொண்டரட்டோ?"

"சூட்டுக் காத்தா?" ஹுசைன் சந்தேகத்தோடு கேட்டார்.

"இல்லை நானா, பச்சைக் காத்து."

"அப்ப கொண்டு வாங்க. சூடா ஊதினா பழைய பெயின்ட் பொருக்கு மாதிரி எழும்பும். வயர ஈரத்துல போட வாணாம்."

கிருபாகரன் வயரைக் கதிரைக் கையில் சுற்றி உயர்த்திக் கட்டிவிட்டு ஊதினார். பட்டைகளின் அடியிலிருந்தும் விளக்கு வளையங்களிலிருந்தும் முன்மூடியின் விளிம்பிலிருந்தும் ஒளிந்திருந்த நீர் சிலிர்த்துக்கொண்டு வெளியே வந்தது. நஸீறா பனியன் துணியோடு பின்னாலேயே போய் அதைப் பிடித்தார். எந்தப் பக்கம் ஊதப்படுகிறது என்பதை ஓசையை வைத்தே கண்டுகொண்டு, "இடப்பக்க லைட்ட விட்டுட்டீங்க," என்றார் ஹுசைன். உண்மையாகவே விட்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. ஹுசைனின் தம்பி மகன் மஷூர், மாளிகாவத்தையிலிருந்து. அவன்தான் காரை ஓட்ட வருவதாக இருந்தது. ஹுசைன் கேட்டுக்கொண்டேயிருந்தார், இரண்டு முறை "ஹா" என்றார், பிறகு தொலைபேசியை மடியில் வைத்தார்.

"கடைக்குக் கொன்டேனர் வந்து நிக்கிதாம். பன்னெண்டு மணி வரைக்கும் அசையேலாதாம்."

"அப்ப?"

"மருமகன் ஓட்டுவாரோ?" என்றார் கிருபாகரன்.

"ரிப்கானுக்கு கியர் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டோ கியர் மட்டும்தான்."

ஹுசைன் கிருபாகரன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்னைப் பாக்காதேங்கோ நானா. நான் மோட்டச்சைக்கிள்காரன்."

நஸீறா குனிந்து கதவின் கீழ்விளிம்பைத் துடைத்துக்கொண்டே, தலையை உயர்த்தாமல் சொன்னார்:

"எனக்கு லைசன் ஈக்கு."

இது உண்மைதான். இருபது வயதில், கொட்டாஞ்சேனையில், வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் காரில்தான் அவர் ஓடப் பழகினார். கல்யாணத்துக்குப் பின் காரும் அவரோடு வெள்ளவத்தைக்கு வந்தது. ஓட்ட வேண்டாமென்று எவரும் தடுக்கவில்லை. சாவி ஹுசைனின் சட்டைப் பையில் இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அனுமதிப்பத்திரத்தை நஸீறா காலாவதியாக விட்டதில்லை. ஒவ்வொரு முறையும் போய், புதுப் படம் பிடித்து, புதுப்பித்து, அலுமாரியில் வைத்துவிடுவார். தானாகவே கியர் மாறும், தம்பியின் ஓட்டோ காரை அவ்வப்போது காலி முகத்திடல் வரை ஓட்டியிருக்கிறார். ஒழுங்கை முழுவதும் மொரிஸ் மைனரை "ஹுசைன் ஹாஜியார்ட கார்" என்றே சொல்லும். நஸீறா அதையும் திருத்தியதில்லை.

"ஓட்டோ ஓட்ற மாதிரி இல்ல இது," என்றார் ஹுசைன்.

"தெரியும்."

"கைக்குழந்த வருது நஸீறா."

"அதுவும் தெரியும்."

ஹுசைன் கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "மொதல்ல காயட்டும்," என்றார். "நாலு கதவையும் தொற. டிக்கியத் தொற. உள்ளுக்கு ஈரம் அடஞ்சி ஈந்தா துரு உள்ளாலதான் வரும்."

நஸீறா பின்பக்க இடது கதவை அகலத் திறந்தார். திறந்த வேகத்தில் கதவு கொஞ்சம் அசைந்து நின்றது. உள்ளேயிருந்து ஒரு ஓசை வந்தது. பாதி நிரம்பிய குடத்தை இடுப்பில் மாற்றும்போது வருவதைப் போன்ற ஓசை. நஸீறா கதவை மறுபடி ஆட்டினார். மறுபடி வந்தது.

"இது என்ன சத்தம்?"

"அது டேங்க்ல பெற்றோல் ஆடுற," என்றார் ஹுசைன் உடனே. "ரெண்டு வருஷமா ஈக்கு. டேங்க் பாதியா ஈந்தா அப்பிடித்தான்."

"டேங்க் கதவுக்குள்ளயா ஈக்கு?"

கிருபாகரன் மெசினை நிறுத்தினார். நஸீறா முன்கதவைத் திறந்து ஆட்டினார். அதிலும் ஆடியது. மற்றப் பக்கம் போய் இரண்டையும் ஆட்டினார். நான்கு கதவுகளும் நான்கு குடங்கள்.

"கண்ணாடி எறங்குற வழியால மழத்தண்ணி, கழுவுற தண்ணி எல்லாம் உள்ளுக்குப் போகுது," என்றார் நஸீறா, தமக்குத் தாமே சொல்வதுபோல. "வெளிய வர ஒரு வழி வெச்சித்தானே ஈப்பான் செஞ்சவன்."

அவர் சீமெந்துத் தரையில் உட்கார்ந்து, கதவின் அடிவிளிம்பை விரலால் தடவிக்கொண்டு போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. வழுவழுப்பாக, வெள்ளையாக, சட்டைப் பொத்தானளவில் ஒன்று. நகத்தால் கீறினார், மெழுகு.

"அம்னாட வாப்பா."

ஹுசைன் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"இதுல மெழுகுதிரி உருக்கி ஊத்தின யாரு?"

"காத்து கீழால வார தானே. உப்புக் காத்து அந்த ஓட்டையால உள்ளுக்குப் போய்க் கதவத் திங்கும் எண்டு நெனச்ச. ரெண்டு வருஷமா, மே மாசத்துல, காத்து தொடங்க முந்தி அடைக்கிற."

"உப்பு உள்ள போகாது எண்டு அடைச்சி, தண்ணி வெளிய வராமச் செஞ்சீக்கிறீங்க."

"இப்ப வெளங்குது."

"பூச்சாடிக்கு அடில ஓட்டை வெக்கிற என்னத்துக்கு? செடி தண்ணிக்குள்ள நிண்டு அழுகாம ஈக்கத்தான். ஒங்களுக்குத் தெரியாததா? துவாய்ல உப்புப் பாக்குற மனிசன்."

கிருபாகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி, காய்ந்திருந்த கண்ணாடியொன்றை மறுபடி ஊதினார்.

ஹுசைனின் முகம் சிறுத்துப்போயிருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட தகரம். அதை அரித்தது காற்றல்ல, தன் கை என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணிப் பார்ப்பதுபோலிருந்தது. "கதவு போயிரிச்சா?" என்று மெல்லக் கேட்டார். "அடிய அமத்திப் பாரு. மெதுவா ஈக்கா?"

நஸீறா அடிவிளிம்பை முனையிலிருந்து முனைவரை பெருவிரலால் அழுத்திக்கொண்டு போனார். அவர் அவசரப்படவில்லை. "கெட்டியா ஈக்கு," என்றார் கடைசியில். "பின்கதவுல ஒரு மூலைல மட்டும் கொஞ்சம் பெயின்ட் பொங்கி ஈக்கு. வாப்பா வாங்கின காலத்துத் தகரம், லேசுல போகாது."

பிறகு தலைத்துணியிலிருந்த குண்டூசியைக் கழற்றினார். மெழுகின் ஓரமாக அதைச் செருகி, நண்டு ஓட்டிலிருந்து சதையைக் கிளப்புவதுபோல ஒரு நெம்பு நெம்பினார். அடைப்பு விழுந்தது. அதன் பின்னால், தேயிலைச் சாயத்தின் நிறத்தில், ஒரு நூலாகத் தண்ணீர் இறங்கியது. நூல் தடித்தது. சீமெந்தில் ஓடிக் கேற்றுக்குக் கீழால் ஒழுங்கைக்குப் போயிற்று.

"ஓடுதா?" ஹுசைன் கேட்டார்.

"ஓடுது."

ஒவ்வொரு கதவிலும் இரண்டு ஓட்டைகள். எட்டையும் திறக்க இருபது நிமிடம் பிடித்தது. கிருபாகரன் கண்ணாடி இறங்கும் பிளவில் மெசினை வைத்து மேலிருந்து ஊத, கீழிருந்து எச்சமும் துப்பிக்கொண்டு வந்தது. நடுவில் ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்கானின் அழைப்பு வந்தது. நஸீறா ஈரக்கையோடு தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"மாமி, கார் ரெடியா? இல்லாட்டி நான் இப்பவே டக்சி ஒண்டு போடறன். ஏசி ஈக்கும், புள்ளைக்கு நல்லம் தானே. மஷூர் வரல்ல எண்டு கேள்வி."

பின்னால் அம்னாவின் குரல்: "போட வாணாம் எண்டு செல்லிட்டன். நான் அந்தக் கார்லதான் வருவன். உம்மா, யாரு ஓட்ற?"

நஸீறா கணவரைப் பார்த்தார். அவரால் அந்தப் பார்வையைக் கண்டிருக்க முடியாது. ஆனால் அவர் சட்டைப் பையில் கையை விட்டார். சாவியை எடுத்து, அது நஸீறா நிற்கும் திசைதானா என்று உறுதியில்லாமல், கையைக் கொஞ்சம் அகலமாக நீட்டினார்.

"உம்மா ஓட்ற," என்றார் தொலைபேசிக்கு. "பதினொண்டுக்கு கேற்றடிக்கு வாங்க."

நஸீறா உள்ளே போய் உடை மாற்றி, அம்னாவுக்கென்று சூப்புப் போத்தலையும் சுறா வறையையும் தோள்பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். ஹுசைன் அதற்குள் முன்னிருக்கையில் இடப்பக்கமாக ஏறி உட்கார்ந்திருந்தார்.

"பாக்க மட்டும்தான் இது காஞ்சீக்கு," என்றார். "பிரேக் இன்னும் காயல்ல. நாலு சில்லுலயும் ட்ரம்முக்குள்ள தண்ணி போயீக்கும். மிதிச்சா புடிக்காது, இல்லாட்டி ஒரு பக்கம் இழுக்கும். பெரிய ரோட்டுக்குப் போக முந்தி ஒழுங்கைக்குள்ள ரெண்டு மூணு தரம் போய் வரணும்."

"கிளட்ச் மேலதானே புடிக்கும்?"

"மேலதான்."

"வாப்பாட காலத்துலயும் மேலதான்."

கார் ஒருமுறை குலுங்கி நின்றது. இரண்டாவது முறை ஓடத் தொடங்கியது. கேற்றைத் தாண்டியதும் நஸீறா பிரேக்கைத் தொட்டார். மிதி கீழே போயிற்று. கார் நிற்காமல் இடப்பக்க மதிலை நோக்கி மெல்லச் சாய்ந்தது. கிருபாகரன் ஒரு கையைத் தூக்கியபடி பின்னால் ஓடிவந்தார்.

"பயப்படாத," என்றார் ஹுசைன். தம்முடைய கை கதவுப் பிடியை இறுகப் பிடித்திருந்ததை அவர் மறைக்கவில்லை. "லேசா மிதிச்ச காலோட கொஞ்சத் தூரம் ஓடு. தேய்ஞ்சி சூடாகும். சூட்டுல தண்ணி ஆவியாப் போயிரும்."

நஸீறா லேசாக மிதித்தபடி மரைன் டிரைவ் முனை வரை போய்த் திரும்பினார். காலி வீதி முனை வரை வந்து திரும்பினார். டியூசனுக்குப் போகும் பிள்ளைகள் மதிலோரம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது தடவை, தம் கேற்றுக்கு நேராக வந்தபோது, மிதியை அழுத்தினார். கார் இம்மியும் சாயாமல், நேராக, அழுத்தமாக நின்றது. ஹுசைனின் கறுப்புக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"புடிக்குது," என்றார் அவர், கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு.

தெஹிவளைப் பாலத்தருகே பேருந்து ஒன்று பின்னால் நின்று விடாமல் ஹோன் அடித்தது. ஹுசைன் கியர் மாறும் ஓசையை மட்டும் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையைக் காட்டி மறித்தான். பிறகு காரைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, "ஹரி லஸ்ஸனய் நே, நோனா," என்று புன்னகைத்தான். "பரண எகக். நோனாகெத?"

அழகான பழைய கார், அம்மணியுடையதா என்று அவன் சிங்களத்தில் கேட்டது நஸீறாவைத்தான். அவர் வாயைத் திறப்பதற்குள், பக்கத்திலிருந்து ஹுசைன், "ஒவ், நோனாகெ," என்றார். ஆமாம், அம்மணியுடையதுதான். காவலாளி வழிவிட்டான்.

அம்னா பின்னிருக்கையில் ஏறினாள். பிள்ளை அவள் மடியில், வெள்ளைத் துணிக்குள் ஒரு சிவந்த மூக்கு. ரிப்கான் பக்கத்தில் உட்கார்ந்து இருக்கையைத் தடவிப் பார்த்தான். "நல்லாக் காஞ்சி ஈக்கு தானே," என்றான். ஏசி பற்றி ஒன்றும் பேசவில்லை.

திரும்பி வரும் வழியில், பாலத்தைத் தாண்டியதும் மழை பிடித்தது. தென்மேற்குக் காலத்து மழை முன்னறிவிப்பு எதுவும் கொடுப்பதில்லை. ஒரே கொட்டாகக் கொட்டியது. கூரையில் விழுந்த ஓசையில் பிள்ளை கண்ணை விழித்து, மறுபடி மூடிக்கொண்டது.

"காலைல ஈந்து காயவெச்ச கார்," என்று அம்னா சிரித்தாள். "வாப்பாக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும்."

"பிரேக் நனையிது," என்றார் ஹுசைன். "கால லேசா வெச்சிக்க நஸீறா."

"வெச்சித்தான் ஈக்கன்."

தகரக் கூரைக்குக் கீழே காரை நிறுத்தியபோது மழை விட்டிருந்தது. அம்னாவையும் பிள்ளையையும் ரிப்கான் உள்ளே அழைத்துப் போனான். கிருபாகரனின் மனைவி மேனகா வந்து வாசலில் நின்று பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். ஹுசைன் மட்டும் இறங்கிய இடத்திலேயே நின்றார். பழக்கத்தில் கை கார் மேல் போயிற்று, கூரையெங்கும் ஈரம். தோல் துணி இருக்கும் பக்கெட்டைத் தேடி ஓரடி நகர்ந்தவர், நின்றார்.

"நஸீறா."

"என்ன?"

"எனக்குக் குனியேலா. கொஞ்சம் பாத்துச் செல்லு. கதவால வருதா?"

நஸீறா தோள்பையை மாட்டியபடியே குந்தினார். இடது பின்கதவின் அடியிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் கண்ட சாய நிறம் இல்லை.

"வருது."

"ரெண்டு ஓட்டையாலயும்?"

"ரெண்டாலயும்."

"முன்கதவால?"

"அதாலயும் வருது."

நஸீறா காரைச் சுற்றி மற்றப் பக்கம் போய்க் குந்தினார். ஹுசைன் கூரையில் உள்ளங்கையை வைத்தபடி, அடுத்த பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். சாவி நஸீறாவின் தோள்பைக்குள் இருந்தது. அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.